பொண்ணை மட்டும் எறக்கி விட்டுருங்க

மதுரையில் நான் தங்கிய விடுதியின் வரவேற்பறைத் தொலைக்காட்சியில் அன்று முழுக்க ஒரே பாறைதான் விழுந்துகொண்டிருந்தது. காலை இட்லிக்குப் போகும்போது விழுந்தது. சாப்பிட்டுத் திரும்பியபோதும் விழுந்தது. பின்னணியில் பேய்ப் படத்துக்குப் போடுகிற இசை. கீழே சிவப்பு எழுத்தில் ‘கொடைக்கானல் துண்டிப்பு’ என்று ஓடியது. பாறை மேலிருந்து, பக்கத்திலிருந்து, கடைசியாக ஒரு பெரிய வட்டத்துக்குள் என்று விதவிதமாக விழுந்தது. பாறைக்கு அன்று நல்ல வேலை.

நான் இலங்கையில், அட்டன் பக்கம், ஒரு சின்ன பேக்கரி வைத்திருப்பவன். கடல் தாண்டி வந்தது ஒரே ஒரு காரியத்துக்காக. என் சித்தி குடும்பம் நான் கால்சட்டை போட்டிருந்த காலத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கப்பலேறி இந்தியா வந்து, எங்கெங்கோ அலைந்து, கடைசியில் கொடைக்கானலில் ஒதுங்கியது. சித்தியின் மகள் புஷ்பம் எனக்குத் தங்கை முறை. அவளுக்கு உடன்பிறந்த ஆண் இல்லை. வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் மகள் மாலாவுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். தாய்மாமன் என்று மணையில் நிற்க உலகத்தில் இருப்பது நான் ஒருவன்தான். அதற்காக அட்டனில் ஒரு பட்டுச் சேலை வாங்கி வந்திருந்தேன். மதுரையில் பெட்டியைத் திறந்து பார்த்தால், சேலையின் ஓரத்தில் மதுரைக் கடை ஒன்றின் சீட்டு ஒட்டியிருந்தது. சேலைக்கும் சொந்த ஊர் பார்க்க ஆசை போல.

“கொடைக்கானலா?” என்றார் விடுதி வரவேற்பாளர். “சார், அங்க போகாதீங்க. கொடைக்கானலே கீழ வந்துருச்சு.”

“அப்ப ரொம்ப வசதி. மலையேற வேண்டியதில்லை.”

அவர் சிரிக்கவில்லை. அவருடைய மச்சினரிடம் ஒரு கார் இருந்தது. அந்தக் கார் ராமேஸ்வரம் மட்டும்தான் போகும். வெள்ளக் காலத்தில் புண்ணியம் இரட்டிப்பு என்றார். இட்லிக் கடைக்காரரோ வேறு மாதிரி. “போகலாங்க, தாராளமாப் போகலாம்,” என்றார். சட்னி ஊற்றிவிட்டு, “ஆனா போகக் கூடாது,” என்றார். ஊரிலிருந்து என் மனைவி கைபேசியில் அழைத்து, எங்கள் ஊர்த் தொலைக்காட்சியிலும் அதே பாறை விழுவதாகச் சொன்னாள்.

எனக்கு மழையும் மண்சரிவும் புதிதல்ல. என் பேக்கரிக்குப் பின்னால் இருந்த ஒரு லயம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், ஒரு மழையில் அப்படியே மண்ணுக்குள் போனது. அதன் பிறகு எங்களைப் பார்க்க வந்தவர்களை நான் மறக்க மாட்டேன். புத்தம் புது ரப்பர் பூட்ஸ் போட்டு வந்தார்கள். தரையோடு கிடந்த கூரைமேல் ஏறி நின்று படம் எடுத்தார்கள். என் கடையில் இருந்த பாண், அதாவது பிரெட், முழுவதையும் வாங்கித் தின்றுவிட்டு, முகாமில் இருப்பவர்களுக்குப் பாண் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று அக்கறையோடு விசாரித்தார்கள். இன்னொரு கூட்டம் வரவே இல்லை. “ரோடு சரியான பிறகு வர்றோம்” என்று சொன்ன சொந்தக்காரர்கள். ரோடு சரியானதும் வந்தார்கள். அழுது முடித்து, கழுவி முடித்து, நாங்கள் உட்கார்ந்திருந்த நேரத்தில் வந்து, தேநீரில் சீனி குறைவு என்றார்கள்.

இப்போது நான் எந்தக் கூட்டம் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. போனால் பூட்ஸ்காரன். போகாவிட்டால் சீனிக்காரன்.

புஷ்பத்தை அழைத்தேன்.

“அண்ணே, வர ஏலுமான்னு பாருங்க. ஏலாட்டியும் பரவால்ல,” என்றாள். இந்தப் பரவாயில்லையைச் சொல்லும்போது எந்தத் தங்கையின் குரலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

“வீடு எப்படி இருக்கு?”

“வீட்டுக்கு ஒண்ணும் இல்லண்ணே. பின்பக்கச் செவுரு மட்டும்தான் போயிருச்சு.”

“செவுரு இல்லாம எப்படி?”

“காத்து நல்லா வருது.”

“எதுவும் வாங்கிட்டு வரவா?”

“எல்லாரும் சேஃபா இருக்கியான்னு கேட்டாங்கண்ணே. என்ன வேணும்னு நீங்கதான் கேட்டீங்க. ஒரு தார்ப்பாய் இருந்தா நல்லாயிருக்கும்.”

மதுரையில் மேலமாசி வீதிப் பக்கம் அலைந்து நல்ல கனமான நீலத் தார்ப்பாய் ஒன்று வாங்கினேன். அதற்குப் பிறகு யோசிக்க எதுவும் இல்லை. ராமேஸ்வரத்தில் தார்ப்பாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மறுநாள் காலை வத்தலக்குண்டு பஸ். எங்கள் ஊர் நடத்துனர் “பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க” என்று கத்திக்கொண்டே பயணிகளை அடுக்குவார். இங்கே நடத்துனர் வாயில் விசிலை வைத்துக்கொண்டார்; ஒரு விசிலுக்கு நின்றது, இரண்டு விசிலுக்குப் போனது, மூன்றாவது விசில் என் தார்ப்பாய்க்கு. “யாருய்யா இது, கூடாரத்தைத் தூக்கிட்டு வந்தது?” என்றார். பக்கத்து இருக்கைப் பெரியவர், “மேல போறாரு, மேல. வீட்டக் கையோட கொண்டு போறாரு,” என்று எனக்காகப் பரிந்து பேசினார். வழி நெடுக வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. ஒரு சொட்டு மழை இல்லை.

வத்தலக்குண்டில்தான் மாப்பிள்ளை வீடு. மலைக்குப் போகும் வழியில் ஒரு மரியாதைக்கு எட்டிப் பார்ப்போம் என்று போனேன். மாப்பிள்ளையின் அப்பா தங்கவேல் உரக்கடை வைத்திருப்பவர். கூடத்தில் பத்துப் பதினைந்து உறவினர்கள், எல்லாரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அங்கேயும் அதே பாறைதான். சன்னலைத் திறந்தால் எதிரே கொடைக்கானல் மலை முழுசாகத் தெரியும் வீடு அது. சன்னல் சாத்தியிருந்தது, திரையில் வெளிச்சம் அடிக்கிறதாம்.

“வாங்க, வாங்க. பொண்ணுக்கு மாமன் நீங்கதானா? கடல் தாண்டி வந்துட்டீங்களே!” என்று தங்கவேல் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆனா மேல நெலைமை சரியில்லீங்க. ரோடு அத்துக் கெடக்குங்கிறாங்க. எங்க பக்கம் வயசானவுங்க இருக்காங்க, பொம்பளைக இருக்காங்க, புள்ளகுட்டி இருக்கு. ரிஸ்க் எடுக்க முடியாது பாருங்க. எல்லாரும் கூடிப் பேசி, கல்யாணத்தை இங்கனயே ஒரு மண்டபத்துல வச்சுருவோம்னு முடிவு பண்ணிட்டோம்.”

“சரி. அப்ப பொண்ணு?”

“பொண்ணை மட்டும் எறக்கி விட்டுருங்க.”

“எந்த ரோட்டுல?”

“ரோடு ஒண்ணுதாங்களே இருக்கு.”

“அத்துக் கெடக்குன்னு சொன்னீங்க?”

தங்கவேல் கொஞ்சம் யோசித்தார். “ஏறுறதுதாங்க கஷ்டம். எறங்குறதுக்கு என்ன?”

“மண்ணு மேல இருந்து கீழதான சரியுது,” என்று மூலையிலிருந்து ஒரு சித்தப்பா விளக்கினார். “எறங்கும்போது கூடவே வந்துரலாம்.”

யாரும் சிரிக்கவில்லை. அவரும் விளையாட்டாகச் சொல்லவில்லை. நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். செந்தில், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பையன், நல்ல களையான முகம். “தம்பி, நீங்க என்ன சொல்றீங்க?” என்றேன்.

“அப்பா சொல்றதுதான் மாமா,” என்று அவன் கைபேசியிடம் சொன்னான்.

காபி கொண்டுவந்த மாப்பிள்ளையின் அம்மா பாண்டியம்மாள் மட்டும், தம்ளரை என் கையில் கொடுக்கும்போது, “அங்க சமையலுக்கு என்ன பண்றாங்க? வெறகெல்லாம் நனஞ்சு கெடக்குமே,” என்று மெதுவாகக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் தங்கவேல் மண்டபத்து வசதிகளைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். குளிர்சாதனம் உண்டாம். ஜெனரேட்டர் உண்டாம். பெண் வீட்டாருக்குத் தனியாக ஓர் அறையும் உண்டாம், உயிரோடு வந்து சேர்ந்தால் தங்கிக்கொள்ளலாம். இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லவில்லை, நான்தான் சேர்த்துக்கொண்டேன்.

மாமன் என்று வந்தவன் தூதனாகக் கிளம்பினேன்.

பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு ஜீப் கிடைத்தது. அடுக்கம் வழியாகச் சுற்றிப் போனால் என்ன என்று யாரோ கேட்டதற்கு டிரைவர், “அந்த ரோடு ரோட்டோட போயிருச்சு,” என்றார். எங்கள் ஜீப்பில் என்னோடு மேலே வீடு இருக்கிற நாலைந்து பேர், ஒரு மூட்டை வெங்காயம், ஒரு கேஸ் சிலிண்டர். “ஏறிருவோம் சார், அது பிரச்சன இல்ல,” என்றார் டிரைவர். “எறங்குறதுதான் கொஞ்சம் பயம். பிரேக்கு பிடிக்காது பாருங்க, சகதில.” இந்த மனிதரைப் பிடித்துக்கொண்டு போய்த் தங்கவேல் வீட்டுக் கூடத்தில் உட்கார வைக்க வேண்டும்போல இருந்தது.

மலைப்பாதை பாதி வரை நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் புதிதாக ஓர் அருவி. குரங்குகள் ரோட்டோரச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, சுற்றுலாக்காரர்கள் எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு ஒரு வளைவில் ரோடு முடிந்து சேறு தொடங்கியது. மண் அள்ளும் இயந்திரம் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சிப் பாறையும் அங்கேதான் ஓரமாகக் கிடந்தது. நேரில் பார்க்க ரொம்பச் சின்னது. பெரிய ஆட்டுரல் அளவு. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. நிஜமான ஆபத்து பாறையில் இல்லை, அதற்கு அந்தப் பக்கம் இருந்தது. மலையின் ஒரு பக்கமே வழித்தெடுத்ததுபோல் போய், வேரோடு மரங்கள் பள்ளத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அதை யாரும் படம் எடுக்கவில்லை. படத்தில் அடங்காது.

சரிவின் இந்தப் பக்கம் ஒரு கார் நின்றது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம். அம்மா, அப்பா, பெண் மூவரும் கறுப்புக் கண்ணாடி அணிந்து சேற்றுக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம், “சார், மேல வியூ பாயின்ட் ஓப்பனா?” என்று கேட்டார்.

“வியூ பாயின்டுதான சார், இங்கயே நிக்கிறீங்க,” என்றார் போலீஸ்காரர்.

என் முறை வந்தது. “என்ன சோலியாப் போறீங்க?”

“கல்யாணம்.”

அவர் என் நரையைப் பார்த்தார். தார்ப்பாயைப் பார்த்தார். “உங்களுக்கா?”

“நான் பொண்ணுக்கு மாமன்.”

“அப்பப் போகத்தான் வேணும். மாப்பிள்ள வீட்டு ஆளுக முன்னாடியே போயிட்டாங்களா?”

“அவங்க டிவி பார்த்துக்கிட்டு இருக்காங்க.”

“நல்லது. எடைஞ்சல் இல்ல,” என்று கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். “வெரசாப் போயிருங்க, மேல பார்க்காதீங்க, கீழயும் பார்க்காதீங்க.”

வேறு எங்கே பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை. முன்னால் போன வெங்காய மூட்டையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நடுவழியில் என் இடது செருப்பை மலை வாங்கிக்கொண்டது. அந்தப் பக்கம் ஒரு பஸ் காத்திருந்தது. ஏறி உட்கார்ந்துதான் திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே வந்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வழியில் கல்யாணப் பெண்ணை இறக்கிவிடச் சொல்கிறார்கள்.

கொடைக்கானலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் பஸ் ஏரிப் பக்கம் திரும்பியதும் முன்பே பார்த்த ஊராக இருந்தது. எங்கள் நுவரெலியாவும் இதேதான். அதே ஏரி, ஏரியைச் சுற்றி அதே குதிரை, அதே ஓட்டு வீடுகள், அதே சிணுங்கல் தூறல். இரண்டையும் ஒரே வெள்ளைக்காரன் உடம்பு சரியில்லாதபோது வரைந்திருக்க வேண்டும். அவன் போன பிறகு இரண்டு ஊரிலும் தேநீர் கொடுக்கவும் படுக்கை விரிக்கவும் எங்கள் ஆட்களைத்தான் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். ஏரி கரையை மீறி ரோட்டில் படுத்திருந்தது. குதிரைகள் முழங்கால் தண்ணீரில் நின்றன. ஓட்டல்கள் எல்லாம் திறந்திருந்தன, உள்ளே யாரும் இல்லை. சுற்றுலாக்காரர்களை முதல் நாளே வண்டி வைத்துப் பத்திரமாக மீட்டுக் கீழே கொண்டுபோய்விட்டார்களாம். ஊர்க்காரர்களை மீட்கவில்லையா என்று ஒரு தேநீர்க் கடையில் கேட்டேன். “நாங்க எங்கங்க போறது? நாங்க இங்கதான இருக்கோம்,” என்றார் கடைக்காரர், கேள்வியே புரியாமல். அங்கே ஒரு துண்டு பாண் வாங்கித் தின்றேன். இனிப்பாக இருந்தது. பாணில் சீனி போடும் தேசத்தை நான் எப்படி நம்புவது?

மாலா வேலை பார்க்கும் ஓட்டல் வழியில்தான் இருந்தது. வரவேற்பு மேசையில் அவள் தொலைபேசியில் இருந்தாள். எனக்குக் கையைக் காட்டிவிட்டுத் தொடர்ந்தாள். “எஸ் சார், சேஃப்தான் சார்… மிஸ்ட் இருக்கு சார்… லேண்ட்ஸ்லைடு ரூம்லருந்து தெரியாது சார்… வீக்கெண்டுக்குள்ள கிளியர் ஆயிருமான்னு மலையத்தான் சார் கேக்கணும்… ஓகே சார், கேன்சல் பண்ணிடறேன் சார்.” வைத்துவிட்டு எழுந்து வந்து என் காலைப் பார்த்தாள். “வாங்க மாமா. ஒரு செருப்பு எங்க?”

புஷ்பத்தின் வீடு ஒரு சரிவில், படிப்படியாக ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகளில் ஒன்று. பின்சுவர் இருந்த இடத்தில் ஒரு சேலை தொங்கியது. சேலைக்குப் பின்னால் மேகம். புஷ்பம் என்னைப் பார்த்து அழுதாள், பிறகு தார்ப்பாயைப் பார்த்து அழுகையை நிறுத்தினாள். பக்கத்து வீட்டு ஜெசிந்தா டீச்சரும் அவர் கணவரும் வந்தார்கள். எல்லாருமாக இழுத்துக் கட்டினோம். வீட்டுக்கு நீலச் சுவர் வந்தது.

தேநீர் குடித்து முடியும்வரை தூதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். பிறகு சொன்னேன். புஷ்பம் எழுந்து, அலமாரியிலிருந்து மாலாவின் துணிகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். “சரிண்ணே. வெள்ளனே எறங்கிருவோம்,” என்றாள். “நின்னு போச்சுன்னா பொறகு யாரு வருவா? அப்பா இல்லாத புள்ள.”

மாலா அம்மாவின் கையிலிருந்து பையை வாங்கிக் கீழே வைத்தாள். “மாமா, ஒரு டவுட். அந்த ரோடு அவங்களுக்கு சேஃப் இல்ல. எனக்கு மட்டும் எப்படி சேஃப்?”

“ஏறுறதுதான் கஷ்டமாம். எறங்குறதுக்கு ஒண்ணும் இல்லையாம்.”

“யாரு சொன்னது, செந்திலா?”

“அவன் அப்பா. செந்தில் ஒண்ணும் சொல்லல.”

அவள் கைபேசியை எடுத்து, எங்கள் எல்லார் முன்னாலும் சத்தமாக வைத்து அழைத்தாள். செந்தில் எடுத்தான். பின்னால் அந்தப் பேய் இசை கேட்டது.

“நான் எறங்கி வரமுடியாதுன்னு இல்ல,” என்றாள் மாலா. “பொறந்ததுலருந்து இந்த ரோடுதான். நீங்க ஏன் ஏற மாட்டீங்க, அத மட்டும் சொல்லுங்க.”

“அப்பா என்ன சொல்றாருன்னா…”

“அப்பாவக் கேக்கல.”

நாங்கள் ஐந்து பேரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். புஷ்பத்தின் உதடு ஏதோ சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

“நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன்,” என்றாள் மாலா. “வந்தா கல்யாணம். வரலேன்னா கேன்சல். காலைலருந்து எங்க ஓட்டல்ல கேன்சல் மட்டும்தான் பண்ணிட்டு இருக்கேன். இன்னும் ஒண்ணு கூடுனா ஒண்ணும் ஆயிராது.”

வைத்துவிட்டாள்.

“நீங்க சொல்லக் கூடாதாண்ணே?” என்று புஷ்பம் என்மேல் பாய்ந்தாள். “மாமன்னு எதுக்கு வந்தீங்க? ‘கொஞ்சம் பொறு தாயி’ன்னு ஒரு வார்த்த சொல்ல ஏலாதா?”

சொல்லியிருக்கலாம். கடல் தாண்டி வந்த பெரிய மனிதன் தொண்டையைச் செருமிக்கொண்டு நாலு நல்ல வார்த்தை சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. ஆனால் எனக்கு என் இடது பாதத்துக்குக் கீழே நழுவிய அந்தச் சேறுதான் ஞாபகம் வந்தது. இவளை அதில் நடத்திக்கொண்டு போய், குளிர்சாதன மண்டபத்தில் காத்திருப்பவர்களிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம் பயமாகவும் இருந்தது. செந்தில் ஒன்றும் சொல்லவில்லை என்று நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் எல்லாரும் பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பார்கள். என் முகத்தைப் பார்த்துத்தான் அந்தப் பெண் கேள்வி கேட்டாளோ என்று தோன்றியது. அன்று தங்கையும் நானும் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் நடக்குமோ நடக்காதோ என்று தெரியாத கல்யாணத்துக்குச் சமையல் தொடங்கியது. கீழே போக முடியாமல் தோட்டங்களில் கேரட் மலைபோல் தேங்கிவிட்டதாம். அக்கம் பக்கத்தில் தோட்டம் வைத்திருந்தவர்கள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். கேரட் சாம்பார், கேரட் பொரியல், கேரட் கூட்டு, கேரட் அல்வா. “கேரட் ரசம் வைக்கலாமா?” என்று ஜெசிந்தா டீச்சர் கேட்டபோது புஷ்பம் முதல் தடவையாகச் சிரித்தாள். ஈர விறகு புகைந்து எல்லார் கண்ணிலும் தண்ணீர். அந்தப் புகைக்குள் யார் அழுதாலும் தெரியாது, அதனால் வசதியாக இருந்தது. மாலா வேலைக்குப் போய்விட்டு மத்தியானமே வந்து, முருங்கைக்கீரை ஆய்வதுபோல் ஒரு கட்டு மல்லித்தழையை ஒவ்வொரு இலையாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

வெயில் சாயும் நேரத்தில் ஜெசிந்தா டீச்சரின் கணவர் படியில் நின்று கூப்பிட்டார். எட்டிப் பார்த்தேன். கீழே ரோட்டிலிருந்து இரண்டு பேர் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு பெண். சேலையைக் கெண்டைக்கால் வரை தூக்கிச் செருகி, முழங்கால் வரை சேறாக, ஒரு பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். நான்கு படி பின்னால் செந்தில், தன் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு.

பாண்டியம்மாள் வாசலில் நின்று மூச்சு வாங்கினார். “பொண்ணு எங்க?” என்றார்.

“சம்பந்தி அண்ணன் வரலையா?” என்று புஷ்பம் படியின் கீழே தேடினாள்.

“அவரு வரலைங்க. வீட்ல யாராச்சும் இருந்து டிவியப் பார்க்கணும்ல.”

நடந்ததைத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். போன் வந்த பிறகு பையன் சாப்பிடவில்லையாம். காலையில் திரும்பவும் எல்லாரும் கூடி, இன்னும் ரெண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தார்களாம். “எல்லார்ட்டயும் கேட்டாங்க. கடக்கார அண்ணன்ட்டக் கேட்டாங்க, என் கொழுந்தனார்ட்டக் கேட்டாங்க, பால் ஊத்துறவர்ட்டக்கூடக் கேட்டாங்க. நான் காபி போட்டுக்கிட்டே இருந்தேன். என்ட்ட யாரும் கேக்கல. அப்ப நான் முடிவு சொல்லலைல்ல? அதான் தாலிய எடுத்துப் பையில வச்சுக்கிட்டு ஜீப் ஏறிட்டேன். இவன் பின்னாடியே ஓடி வந்தான்.”

மாலா செந்திலைப் பார்த்தாள். “எனக்காக வந்தீங்களா, அம்மாவத் தனியா விட முடியாம வந்தீங்களா?”

அவன் ஷூவைக் கீழே வைத்தான். திரும்ப எடுத்தான். “மொதல்ல அம்மாவுக்காகத்தான். அந்தச் சேத்துல நடக்குறப்ப… இதுல ஒன்னய வரச் சொன்னோமேன்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் உனக்காக.”

“பரவால்ல. பொய் சொல்லல,” என்றாள். உள்ளே போய் ஒரு குடம் வெந்நீர் கொண்டுவந்து மாமியாரின் கால் பக்கத்தில் வைத்தாள். அவனுக்கு வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலில் கல்யாணம். நாற்காலிகள் தேவாலயத்திலிருந்து வந்தன. மாப்பிள்ளை வீட்டு வரிசையில் பாண்டியம்மாள் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தது பார்க்க நன்றாக இல்லை என்று ஜெசிந்தா டீச்சரும் இன்னும் பத்து வீட்டுக்காரர்களும் அந்தப் பக்கம் மாறி உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் டீச்சர், “எங்களுக்கு எலை இன்னும் போடலியே, பொண்ணு வீட்ல கவனிப்பே சரியில்ல,” என்று முறையாகக் குறை சொல்லவும் தொடங்கிவிட்டார். நான் சீர்த்தட்டு எடுத்து, மாலாவின் கழுத்தில் மாலை போட்டு, கைபிடித்து மணையில் உட்கார வைத்தேன். புஷ்பம் பக்கத்தில் வந்து நின்று, யாரும் பார்க்காதபோது என் தோளில் நெற்றியை ஒரு தடவை முட்டினாள். சமாதானம் ஆயிற்று. எல்லாரும் கேரட் சாப்பிட்டோம்.

அடுத்த நாள் வெயில் அடித்தது. ஏரி ரோட்டை விட்டு இறங்கித் தன் இடத்துக்குப் போயிருந்தது. நான் ஊர் கிளம்பும் முன் ஒரு தடவை சுற்றி வரலாம் என்று நடந்தபோது பாண்டியம்மாளும் கூட வந்தார். குதிரை நின்றது, படகு நின்றது, எல்லாவற்றையும் நின்று நின்று பார்த்தார். வேறு யாரும் இல்லாததால் ஊரே அவருக்காகத் திறந்து வைத்ததுபோல் இருந்தது.

“முன்ன வந்தப்ப எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“நான் எங்கங்க வந்தேன்?” என்றார். “இதான் மொதோ தடவ.”

“அடிவாரத்துல இருந்துக்கிட்டா?”

“வாக்கப்பட்டு வந்ததுலருந்து தெனம் மாடில துணி காயப்போடுறப்ப இந்த மலையத்தான் பார்க்குறேன். போவோமான்னு கேட்டா, சீசன்ல கூட்டமா இருக்கும்பாரு. சீசன் முடிஞ்சு கேட்டா, இப்ப அங்க என்ன இருக்குன்னு போறதும்பாரு. மழையா இருந்தா மழைம்பாரு.”

அப்போது அவர் பையில் கைபேசி ஒலித்தது. தங்கவேலின் குரல் எனக்கும் கேட்டது. உற்சாகமான குரல். “ரோடு க்ளியர் ஆயிருச்சாம்! பஸ்ஸெல்லாம் விட்டுட்டாங்களாம்! நீ எப்பக் கெளம்புற?”

வத்தலக்குண்டு பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. பாண்டியம்மாள் அது திரும்பி மறையும்வரை கைபேசியின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். பிறகு காதில் வைத்தார்.

“அப்படியா சொல்றாங்க? இல்லைங்க, இங்க ஒண்ணும் சரியாகல,” என்றார். “மண்ணு குமிஞ்சு கெடக்கு. எப்படியும் இன்னும் நாலஞ்சு நாளு ஆகும்ங்கிறாங்க.”

கைபேசியை அணைத்துப் பையின் அடியில் போட்டுவிட்டு, படகுக்காரரைப் பார்த்து நடந்தார்.